தண்ணீர்மலைக்கு முன் 31 நாள்: பினாங்கில் ஓர் ஓட்டக் குறிப்பு

முதல் நாள் (ஜனவரி 1): கர்னி கடலோரம்

சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளைப் பால்குடத்தோடு ஏறியபோது ஆறு இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவராகத் தெரிந்த ஓர் அம்மையார், தாமும் குடம் சுமந்தபடி, ஒரு முறைகூட நிற்காமல் என்னைக் கடந்து மேலே போனார். அந்தக் காட்சி ஆண்டு முழுவதும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வாண்டு தைப்பூசம் பிப்ரவரி முதல் நாளில் வருகிறது. ஆகவே ஜனவரியின் 31 நாளும் ஒரு நாள்கூட விடாமல் ஓட வேண்டும், குறைந்தது மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு நாள் ஓடிய இடத்தில் வேறொரு நாள் ஓடக்கூடாது என்று எனக்கு நானே மூன்று விதிகளை வகுத்துக்கொண்டேன். எனக்கு வயது 47. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பகல் வேலை. பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு ஓடியதாக நினைவில்லை.

காலை ஆறேகாலுக்குக் கர்னி டிரைவில் இறங்கியபோது நள்ளிரவைப் போல இருட்டாக இருந்தது. பினாங்கில் ஜனவரியில் சூரியன் ஏழரை மணியளவில்தான் எழுகிறது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. மேற்குக் கோடியில் இருக்கும் எங்கள் தீவுக்கு அந்த அரை மணி நேரத்தின் விலை, விடியற்காலை என்பதே வேலைக்குப் போகும் நேரத்தோடு மோதிக்கொள்வது. எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் இருக்க வேண்டியவன் இருட்டில் ஓடித்தான் ஆக வேண்டும்.

1951இல் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கிய இந்தச் சாலையில், என் சிறு வயதில், தடுப்புச் சுவரில் உட்கார்ந்தால் அலை காலை நனைக்கும். இப்போது கடல் நெடுந்தொலைவு தள்ளிப்போய்விட்டது. தூர்த்த மண்ணின் மேல் பூங்காவும் நடைபாதையும் வந்திருக்கின்றன. ஓடுகிறவனுக்கு இது வசதிதான் என்பதை ஒப்புக்கொள்ளும்போதே, வசதி எதை விழுங்கி வந்தது என்ற நினைப்பும் கூடவே ஓடி வருகிறது. மூன்று கிலோமீட்டருக்கு 27 நிமிடம் ஆயிற்று. இடையில் இரண்டு முறை நடந்தேன்.

இரண்டாம் நாள்: பாடாங் கோத்தா லாமா

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லாரும் அவரை ஐயா என்றுதான் அழைப்போம். நேற்று நான் மூச்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதைப் பார்த்துவிட்டு, வேலியோரம் வந்து நின்றார்.

“தம்பி, பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“அதைச் சத்தமா சொல்லிக்கிட்டே ஓடுங்க. சொல்ல முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். வேகத்தைக் குறைங்க, வாய்ப்பாட்டை நிறுத்தாதீங்க.”

ஓடும்போது பேச முடிகிற வேகத்திலேயே பெரும்பாலான நாள்கள் ஓட வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் எங்கும் சொல்வதுதான். அந்த வேகத்தில்தான் உடல் வேண்டிய அளவு பிராணவாயுவை எடுத்துக்கொண்டு தசைகளுக்கு அனுப்ப முடிகிறது. அதைத் தாண்டினால் மூச்சு பின்தங்கிவிடும். ஆனால் அதை வாய்ப்பாடாக்கியது ஐயாவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

எனவே இன்று, 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடத்தை ஒட்டிய திடலில், கோர்ன்வாலிஸ் கோட்டையின் சுவரோரம், ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்து நான்கு என்று எட்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கிப் பதினாறுக்குத் தாவினேன். காட்டை வெட்டுவதற்கு ஆள்களுக்கு ஆசை காட்ட, லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை இங்கே வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, கூலி கொடுக்காமல் வேலை வாங்கும் உத்தி என்ற அளவில் அது எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது. ஏழு பதினாறு என்ற இடத்தில் மூச்சு முட்டி நின்றது. நூற்றுப் பன்னிரண்டு என்று பிறகு நடந்துகொண்டே சொல்லி முடித்தேன்.

மூன்றாம் நாள்: தண்ணீர்மலைத் தோட்டம்

அரசாங்கப் பெயர் தாவரவியல் பூங்கா. எங்கள் வீட்டில் எப்போதும் தண்ணீர்மலைத் தோட்டம். அருவியின் பெயரால் மலைக்கும், மலையின் பெயரால் அடிவாரத்துச் செட்டியார் கோயிலுக்கும் அதற்கு மேலிருக்கும் மலைக்கோயிலுக்கும் தண்ணீர்மலை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில், பழைய கருங்கல் உடைப்புக் குழி ஒன்றைச் சுற்றி உருவாக்கப்பட்ட தோட்டம் இது. சனிக்கிழமை என்பதால் வெளிச்சம் வந்த பிறகு வந்தேன்.

இங்கே நாகலிங்க மரங்கள் இருக்கின்றன. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். பூவின் நடுவே லிங்கமும் மேலே படமெடுத்த நாகமும் இருப்பதாக நாம் கண்டுகொண்டு அதைக் கோயில் மரமாக்கிக்கொண்டோம். வெள்ளைக்காரர்கள் அதன் காயைப் பார்த்துப் பீரங்கிக் குண்டு மரம் என்று பெயர் வைத்தார்கள். ஒரே மரத்தில் அவர்கள் குண்டைப் பார்த்தார்கள், நாம் சிவனைப் பார்த்தோம். கீழே விழுந்த ஒரு பூவை எடுக்கக் குனிந்தபோது, மேலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று என் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் சுற்றைத் தண்ணீர் இல்லாமலே முடித்தேன். நான்கு கிலோமீட்டர்.

நான்காம் நாள்: மிண்டன்

கெலுகோரில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே உள்ள அறிவியல் பல்கலைக்கழக வளாகம். முன்பு ராணுவ முகாமாக இருந்த மேட்டு நிலம். நிழல் நிறைந்த ஏற்ற இறக்கங்கள். மாணவர்கள் என்னை முந்திச் செல்லும்போது “அங்கிள், குட் மார்னிங்” என்றார்கள். அந்த அங்கிளில் மரியாதை பாதி, இரக்கம் பாதி.

ஐந்தாம் நாள்: கடைத்தெரு

திங்கட்கிழமை. லெபோ பாசார் என்ற சாலையை முந்தைய தலைமுறைத் தமிழர்கள் கடைத்தெரு என்றே சொன்னார்கள். ஆறு மணிக்கு அங்கே பூக்கட்டுபவர்களைத் தவிர வேறு யாரும் விழித்திருக்கவில்லை. லெபோ குவீனில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், அங்கிருந்து சில நூறு அடியில், தமிழ் முஸ்லிம் தலைவரான கபித்தான் கெலிங்கின் பெயரில் 1801இல் எழுந்த பள்ளிவாசல், அதற்குப் பக்கத்தில் சூலியா தெருவில் நாகூர் தர்கா. சுப்ரபாதமும் பாங்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழ, ஒரு சுற்றில் இவை மூன்றையும் கடந்துவிடலாம்.

ஆனால் ஓடுவதற்கு இதைவிட மோசமான இடம் இத்தீவில் இல்லை என்றும் எழுதியாக வேண்டும். கடைகளின் முன்னே ஐந்தடி அகலத்துக்கு மூடிய நடைபாதை விட வேண்டும் என்பது பழைய நகர விதி. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. இன்றோ அந்த ஐந்தடியில் மோட்டார் சைக்கிளும், அரிசி மூட்டையும், சாமி படம் வைத்த மேசையும், படிக்கட்டுபோல ஏறி இறங்கும் தரையும் இருக்கின்றன. சாலையில் இறங்கினால் லாரி. மூன்று கிலோமீட்டரை, ஒரே நான்கு தெருக்களைத் திரும்பத் திரும்பச் சுற்றி, கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு முடித்தேன். மூன்றாம் சுற்றில் பூக்கட்டும் அக்கா, “வேண்டுதலா தம்பி?” என்று கேட்டார். “ஆமாம் அக்கா” என்று சொல்வதுதான் சுருக்கமாக இருந்தது.

ஆறு, ஏழு, எட்டாம் நாள்கள்

கெண்டைக்கால் அல்ல, அதற்கு முன்புறம், முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி உள்பக்கமாக வலி. விரலால் அழுத்தினால் நீளவாக்கில் ஒரு சாண் அளவுக்கு நோகிறது. ஐயாவிடம் காட்டினேன். பழக்கமில்லாத கால் திடீரென்று நாள்தோறும் தரையில் மோதினால் எலும்பை ஒட்டிய தசை கோபித்துக்கொள்ளும் என்றும், ஓரிடத்தில் மட்டும் புள்ளியாகக் குத்தினால் எலும்பில் கீறலா என்று மருத்துவரிடம் போக வேண்டும் என்றும், இப்படிப் பரவலாக நோவதற்கு வேகத்தையும் தூரத்தையும் குறைப்பதே மருந்து என்றும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை ஒரு நாளும் ஓயாமல் ஓடுவது என்ற என் விதியே பிழை. “உடம்பு ஓடுறப்போ வளராது தம்பி, ஓய்வுலதான் வளரும்” என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் வேண்டுதல் என்று பூக்காரி அக்காவிடம் சொல்லியாயிற்று.

அதனால் மூன்று நாளும் மிக மெதுவாக, சரியாக மூன்று கிலோமீட்டர்: கர்ப்பால் சிங் கடலோரச் சாலை, பாலத்துக்கு அருகில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் கரை, சுங்கை ஆராவில் என் தங்கை வீடிருக்கும் தாமான் (குடியிருப்பு). மூன்றாவதில் நாய்கள். ஓடினால் துரத்துகின்றன, நடந்தால் விட்டுவிடுகின்றன. நாயிருக்கும் தெருவில் நடப்பது ஓட்டத்தில் சேரும் என்று விதியைத் திருத்திக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள்: வீட்டுத் தராசு

இடம்: புக்கிட் ஜம்புல். ஓடியதைவிட, இன்று செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். புறப்படுமுன் எடை பார்த்தேன்; ஐம்பது நிமிடம் ஓடித் திரும்பி, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 1.1 கிலோ குறைவு. மனைவி மகிழ்ந்தார், ஆனால் அது கொழுப்பன்று, ஏறக்குறைய அவ்வளவும் தண்ணீர். வேர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. நம் ஊர்க் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உலராமல் சொட்டுகிறது. உடல் குளிர்வதில்லை, குளிர்விக்க இன்னும் வேர்க்கிறது, இரத்தத்தில் நீர் குறைகிறது, இதயம் அதே வேகத்துக்கு அதிகமாகத் துடிக்கிறது. குளிர்நாட்டு ஓட்டக்காரர்களின் நேரக்கணக்கோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்வதில் பொருளில்லை என்பது அன்று தராசில் நின்றபோது விளங்கிற்று. பூச விரதம் வேறு. காலையில் ஒன்றும் உண்ணாமல் ஓடுகிறேன். இன்று முதல் ஓட்டம் முடிந்ததும் ஒரு சிட்டிகை உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இரண்டு குவளை.

பத்தாம் நாள்: ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு

கெக் லோக் சி புத்தர் கோயிலைத் தாண்டி, காய்கறித் தோட்டங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் சாலை, 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் போய் முடிகிறது. கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல். வாய்ப்பாடு மூன்றாவது வளைவிலேயே அறுந்தது. முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் வெண்கலக் குவான் யின் சிலை, ஒவ்வொரு வளைவிலும் வேறொரு பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சிலையைக் காரிலிருந்து நூறு முறை பார்த்திருக்கிறேன், ஆனால் அதன் முதுகைப் பார்த்தது இன்றுதான்.

மேலே ஓர் ஊரே கூடியிருந்தது. சீன முதியவர்கள் மெதுவான பயிற்சி செய்துகொண்டிருக்க, ஒரு தமிழ்க் குழு நீரைப் பார்த்து மூச்சுப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தது. நீரைச் சுற்றியுள்ள பாதை சமதளம், காற்றில் குளிர். சமதளத்தில் முதன்முறையாகப் பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரை தடங்காமல் சொல்லி முடித்தேன். கடந்துபோன ஒருவர் ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்க வேண்டும், கைகூப்பினார்.

பதினொன்றாம் நாள்: கொடிமலை

மலாயில் புக்கிட் பெண்டேரா. பெண்டேரா என்றால் கொடி. நம்மவர்களுக்குக் கொடிமலை. தாவரவியல் பூங்கா வாசலருகிலிருந்து ஜீப் பாதை ஒன்று, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், உச்சிக்குப் போகிறது. பூங்காவுக்கு ஏற்கெனவே வந்தாயிற்றே என்று மனச்சாட்சி முணுமுணுத்தது. வாசலுக்கு வெளியே இருப்பது வேறு இடம் என்று அதற்குத் தீர்ப்புச் சொன்னேன்.

இந்தப் பாதையில் ஓடினேன் என்று எழுதினால் பொய். முதல் ஐந்நூறு மீட்டர் ஓடினேன். பிறகு கைகளை முழங்காலில் ஊன்றி ஏறினேன். சாலை சற்றே சாய்வு குறையும் இடங்களில், யாராவது பார்த்தால் மட்டும், ஓடினேன். மரங்களின் மேல் சாம்பல்நிற இலைக்குரங்குகள் தாவின. பாதிவழியில், ஏறுகிறவர்கள் தேநீர் குடிக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் சாவடி ஒன்றில் இஞ்சித் தேநீர் கிடைத்தது. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் மேலே.

ரயில் வருமுன் இந்த மலைக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் குதிரையிலும், ஆள்கள் தோளில் சுமந்த டோலியிலும் ஏறினார்கள். ஒரு மனிதனை நாற்காலியோடு சுமந்து, செருப்பில்லாத காலோடு, இதே சரிவில் ஏறிய தோள்களின் நேரக்கணக்கை யாரும் குறித்துவைக்கவில்லை. இழுவை ரயில் 1924ஆம் ஆண்டின் முதல் நாளில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. என் சிறு வயதில் நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மொத்தம் அரை மணி நேரம். 2011இல் வந்த புதிய பெட்டிகள் மாறாமல் சில நிமிடங்களில் ஏறிவிடுகின்றன. மலையின் உயர்ந்த சிகரம் 833 மீட்டர். நான் போனது அவ்வளவு உயரமில்லை, முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கும் மேட்டோடு நின்றுகொண்டேன். கீழே கடலும் இரண்டு பாலங்களும் தெரிந்தன. சட்டை பிழிந்தால் ஒரு குவளை வரும். அந்த நிலையில் சந்நிதிக்குள் போகக் கூசி, வாசலிலிருந்தே வணங்கினேன்.

இறங்குவதற்கு ரயில்தான். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலைக் கெடுக்கும் என்று ஐயா எச்சரித்திருந்தார் என்பது ஒரு காரணம். கால்கள் நடுங்கின என்பது இன்னொன்று.

பன்னிரண்டாம் நாள்

சீனக் குலங்களின் படகுத்துறைகள் இருக்கும் கரையோரம், மூன்று கிலோமீட்டர், 33 நிமிடம். படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குகிறேன். தொழிற்சாலையில் எல்லாரும் சிரித்தார்கள்.

பதின்மூன்றாம் நாள்: வண்ணாந்துறை

ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த துறை இது. ஆங்கிலத்தில் டோபி காட் என்பார்கள், வீடுகளில் வண்ணாந்துறை. ராமர் கோயில் ஒன்று இருக்கிறது. வெளுத்த துணி உலர்த்தும் கம்பிகளில் ஓட்டல்களின் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆற்றில் இறங்கிக் கல்லில் அடித்த காலம் போய் இயந்திரங்கள் வந்துவிட்டன. மகாத்மாக்களின் பெயரில் சாலைகள் வரும் ஊரில், ஒரு தொழிலின் பெயரில் ஓர் இடம் நிலைத்திருப்பதைக் குறைவாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், மூன்றாம் முறை நான் கடந்தபோது, “யாரைத் தேடுறீங்க?” என்று கேட்டார். காரணமில்லாமல் ஓடுகிறேன் என்பதை ஏற்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. “கோப்பி குடிச்சிட்டு ஓடுங்க” என்றார். விரதத்திலும் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கொசோங் உண்டு, குடித்தேன்.

பதினைந்தாம் நாள்: பாலேக் பூலாவ்

பொங்கல். விடுப்பு எடுத்தேன். தீவின் மறுபக்கம் என்று பொருள்படும் பாலேக் பூலாவ், பினாங்குத் தீவில் வயல் மிஞ்சியிருக்கும் பகுதி. சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் பிளாஸ்டிக் கட்டில் கடையில் வாங்குகிற எங்களுக்கு, நெல் விளைகிற நிலத்தின் வரப்போரச் சாலையில் பொங்கலன்று ஓடுவது பொருத்தமாகப் பட்டது. கதிர் சாய்ந்த வயல்களுக்கு மேல் வெள்ளைக் கொக்குகள். சாலை நேராகவும் தட்டையாகவும் இருந்தது. காலில் வலி இல்லை. ஆறு கிலோமீட்டர் ஓடியதே தெரியவில்லை, வாய்ப்பாடு மூன்று முறை முடிந்தது. திரும்பும் வழியில் ஜாதிக்காய்ச் சாறு. வீட்டில் பொங்கல் பொங்கி முடிந்திருந்தது, மனைவி பேசவில்லை. விதிகள் மூன்றையும் வகுக்கும்போது அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

பதினேழாம் நாள்: பத்து பெரிங்கி

பத்து என்பது இங்கே எண் அன்று; மலாயில் கல். பெரிங்கி என்பது நாம் பரங்கி என்கிறோமே, அதே சொல். போர்த்துக்கீசியரைக் குறிக்கக் கீழை நாடுகள் முழுவதும் வழங்கியது. தமிழில் பரங்கிப்பாறை என்று பெயர் வைத்திருக்கலாம், யாரும் வைக்கவில்லை. மணலில் ஓடினேன். ஈர மணல் கெட்டியாகத் தாங்கும், ஆனால் கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போகும்போது நோகும் இடுப்பு, திரும்பும்போது மறுபக்கம் நோகும். உலர்ந்த மணலில் ஓடுவது தண்டனை.

பதினெட்டாம் நாள்: பந்தாய் கெராச்சுட்

தெலுக் பஹாங்கில் தொடங்கும் தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏறி இறங்கினால் ஆமைகள் முட்டையிட வரும் இந்தக் கடற்கரை. கரைக்குப் பின்னால் ஒரு சிற்றேரி: கீழே கனத்த உப்புநீர், மேலே இலேசான நன்னீர், இரண்டும் கலப்பதில்லை. மழை குறைந்த காலமாதலால் நீர் வற்றியிருந்தது. வேர்கள் பின்னிய பாதையில் ஓட முயன்று ஒரு முறை விழுந்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. வேறு சேதமில்லை.

பத்தொன்பது முதல் இருபத்து மூன்று வரை

ஐந்து நாள் வேலை, ஐந்து இருட்டு. தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, ஜெலுத்தோங், கிரீன் லேன், ஒரு நாள் அடைமழையில் ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் தூண்களைச் சுற்றி. கடைசியாகச் சொன்னதில் காவலாளி இரண்டு முறை வந்து விசாரித்தார். நனைந்த காலணி மறுநாள் உலராது. நாளிதழ் தாளைச் சுருட்டித் திணித்தும் பயனில்லை. பழைய காலணி ஒன்றை மாற்றாக எடுத்துவைத்தேன். தொடைகள் உரசும் இடத்தில் வாஸ்லின் தடவாமல் ஓடக்கூடாது என்பதையும் இந்த வாரம்தான் கற்றேன். கற்ற விதத்தை விவரிக்க விரும்பவில்லை.

இருபத்து நான்காம் நாள்: செரோக் தோக்குன்

ஃபெரிப் படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து புக்கிட் மெர்தாஜாம். மலையடிவாரத்துக் காட்டுப் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர். அதைவிட, ஓடி முடித்து வேர்வையோடு போய் நின்ற ஒரு பாறையைப் பற்றித்தான் எழுத வேண்டும். செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துக்குள் இருக்கும் அந்தப் பாறையில், பல்லவர் கால எழுத்து வடிவத்தில் சமஸ்கிருதச் சொற்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார். கூரை போட்டு வேலி கட்டியிருக்கிறார்கள். எழுத்துகள் மழையில் தேய்ந்து, பார்த்தாலும் புலப்படாத அளவில் நிற்கின்றன. லைட் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தெற்கிலிருந்து எழுத்தறிந்த ஒருவர் இந்த மலையடிவாரம் வரை நடந்து வந்திருக்கிறார், அல்லது அவரிடம் கற்ற ஒருவர் இங்கே இருந்திருக்கிறார். பினாங்கில் தமிழர் வரலாற்றைக் கப்பலில் வந்த கூலிகளிடமிருந்தே தொடங்குவது நம்மிடமும் ஒரு வழக்கமாகிவிட்டது.

இருபத்தைந்தாம் நாள்: பத்து காவான்

ஆனால் கூலிகளும் வந்தார்கள். செபராங் பிறையின் இந்தச் சதுப்பு நிலப் பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் வெட்டினார்கள். பின்னர் கரும்பு போய்ப் பால்மரம் (ரப்பர்) வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, இப்போது செம்பனை போய்த் தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும். என் தாத்தா இப்பகுதித் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். அவர் விடியுமுன் மரத்துக்கு மரம் ஓட்டமும் நடையுமாகப் போவார் என்று அப்பா சொல்வார். பால் வெயிலேறுமுன்தான் நன்றாக வடியும். அகலமான புதிய சாலையில், இருட்டில், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடியபோது, பால்வெட்டுக்காரர்களும் நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்கு ஓடக் கூலி கொடுத்தார்கள். நான் காலணிக்கு 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கிறேன்.

திரும்பும்போது 2014இல் திறந்த இரண்டாம் பாலம் வழி: 24 கிலோமீட்டர், அதில் 16.9 கடல் மேல். இரண்டு பாலங்களிலும் நடப்பவனுக்குப் பாதை இல்லை. ஆண்டுக்கொரு முறை மாரத்தானுக்காக முதல் பாலத்தை மூடும்போது மட்டுமே அதன்மேல் ஓடலாம்.

இருபத்தேழாம் நாள்: ஜெரஜாக் எதிர்க்கரை

வேலைக்கு மிக அருகிலுள்ள கடலோரம். எதிரே ஜெரஜாக் தீவு: முதலில் தொழுநோயாளிகள், பிறகு கப்பலில் வந்தவர்களை நோய்க்காகத் தடுத்துவைத்த இடம், அதன்பின் காசநோய் மருத்துவமனை, 1969 முதல் 1993 வரை சிறை. நாட்டுக்குள் கால் வைக்குமுன் நம்முடைய முன்னோர் பலர் அங்கே நாள்கணக்கில் காத்திருந்தார்கள். ஏழு கிலோமீட்டர், 56 நிமிடம், நடை இல்லை. இந்த மாதத்திலேயே சீரான ஓட்டம் இதுதான்.

இருபத்தொன்பதாம் நாள்

சளி. மூன்று கிலோமீட்டர். ஐயா வேலியோரம் நின்று தலையை மட்டும் ஆட்டினார்.

முப்பத்தொன்றாம் நாள்: தேர் வரும் சாலை

நேற்று முழுதும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும் ஓசை. இன்று விடியற்காலையில் லெபோ பினாங்கிலுள்ள கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளித்தேர் புறப்படும். 1894இல் தமிழகத்திலிருந்து வந்த தேர், மாடுகள் இழுக்கும். லெபோ குவீனிலிருந்து, 2017 முதல் ஓடும் தங்கத்தேர். இரண்டும் தண்ணீர்மலைக்குத்தான் வரும். அவை வருமுன் அதே சாலையை எதிர்த்திசையில் ஓடி, தேரை நகரில் சந்திப்பது என்பது என் திட்டம்.

ஐந்து மணிக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தொடங்கினேன். ஜாலான் கெபுன் பூங்கா என்ற சாலையின் இருமருங்கிலும் தேங்காய்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. தேர் வரும் வழியில் உடைப்பதற்காகத் தமிழர்களும் சீனர்களும் வாங்கி அடுக்கியவை. தேர் கடந்ததும் சாலை இளநீரில் வழுக்கும், ஓட முடியாது. மெக்கலிஸ்டர் சாலையில் பந்தல்களில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்தலில் பெரிய அண்டாவில் சர்பத் கலக்கிக்கொண்டிருந்த இளைஞர், “அண்ணே, தப்பான பக்கம் ஓடுறீங்க, கோயில் அந்தப் பக்கம்” என்று கத்தினார். நான் பன்னிரண்டு பதினாறில் இருந்தேன். நூற்றுத் தொண்ணூற்று இரண்டு என்று சொல்லிவிட்டுக் கையசைத்தேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

நகரத்தை நெருங்கியபோது முதலில் நாதஸ்வரம் கேட்டது, பிறகு தேங்காய் சிதறும் ஓசை, பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேல் விளக்கொளியில் வெள்ளி. அதற்கு மேல் ஓட இடமில்லை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தேரோடு வந்தவழியே திரும்பினேன். காலடியில் ஓடும் தண்ணீரும் ஓட்டுத் துண்டுகளும். தேர் ஒவ்வொரு வாசலிலும் அர்ச்சனைத் தட்டுக்காக நின்றது. நான் 46 நிமிடத்தில் கடந்த தூரத்தில் பாதியைக் கடக்கத் தேருக்கு உச்சிவேளை தாண்டிற்று; அதற்குள் சர்பத் பந்தல் இளைஞரின் முன்னால் மறுபடி வந்து நின்றேன். “இப்ப சரியான பக்கம்” என்று சொல்லி ஒரு குவளையை நீட்டினார்.

மனைவி அங்கே வந்து சேர்ந்துகொண்டார். நாளைக்குப் பால்குடத்தைக் கழுவி வைத்துவிட்டதாகச் சொன்னார். இம்முறை அவரும் எடுக்கிறார்.